எதிர்த்தட்டில் என்ன

கொஞ்சம் அந்தப் பையை மடியில் எடுத்து வைத்துக்கொள்கிறீர்களா, நான் உட்கார வேண்டும். ஜன்னலோரம் உங்களுக்கே இருக்கட்டும், எனக்கு வெயில் ஆகாது. எதுவரைக்கும் போகிறீர்கள்? சாத்தூரா. நான் மதுரை. தூக்கம் வந்தால் தூங்குங்கள், சாத்தூர் வந்ததும் நானே எழுப்பிவிடுகிறேன். பஸ்ஸில் எனக்குத் தூக்கம் வராது. அதோ, நாலு வரிசை முன்னால் காதில் வயரை மாட்டிக்கொண்டு கண்ணை மூடியிருக்கிறாரே, அவர்தான் எங்கள் வீட்டுக்காரர். மின்வாரியத்தில் இருக்கிறார். பின்னால் சேர்ந்தாற்போல் இரண்டு இடம் காலியாகத்தான் கிடந்தது. முன்னால் உட்கார்ந்தால்தான் தலை சுற்றாதாம். கல்யாணத்துக்கு அப்புறம் வந்த வியாதி.

கையில் என்ன, ஆங்கிலப் பேப்பரா? நல்லதாகப் போயிற்று. அப்படியானால் உங்களிடம் ஒன்று கேட்கலாம். அவுட்வே என்றால் என்ன? ஓ-யு-டி, டபிள்யூ-இ-ஐ-ஜி-எச். கடைசி இரண்டு எழுத்தும் வாயைத் திறக்காது, சும்மா கூட வரும். பரவாயில்லை, யோசிக்க வேண்டாம், நானே சொல்லிவிடுகிறேன். இரண்டு விஷயத்தை இரண்டு தட்டில் வைத்துப் பார்க்கிறோம். ஒன்று மற்றதைவிடக் கனமாக, முக்கியமாக இருக்கிறது. அந்தக் கனத்ததுதான் மற்றதை அவுட்வே செய்கிறது. லாபம் நஷ்டத்தை அவுட்வே செய்யலாம். சௌகரியம் செலவை அவுட்வே செய்யலாம்.

பாளையங்கோட்டையில் கான்வென்ட்டில் எங்களுக்கு சிஸ்டர் பெர்னதெத் என்று ஒருவர் இருந்தார். கையில் ஸ்கேல் இருக்கும், ஆனால் அடிக்க மாட்டார், காட்டுவார். அவர் சொன்னது இன்றைக்கும் என் காதில் இருக்கிறது. இந்த வினைச்சொல்லுக்குத் தனியாக நிற்கத் தெரியாது, பெண்களே. யாராவது இதைச் சொன்னால் எதிர்த்தட்டில் என்ன இருக்கிறது என்று கேளுங்கள். சும்மா விடாதீர்கள். அப்படிச் சொன்னார். நான் சும்மா விட்டதில்லை. அதுதான் இந்த வருஷம் முழுக்க எனக்கு வந்த வினை.

எனக்கு ஒரே பையன், சிவநேசன். நேசன் என்றுதான் கூப்பிடுவோம். இன்ஜினீயர். காற்றாலைக் கம்பெனியில் இருக்கிறான். அதோ, கயத்தாறு வருகிறது, வெளியே பாருங்கள், வரிசையாகச் சுற்றுகிறதே, அதில் எதிலாவது ஒன்றின் உச்சியில் இப்போது இருப்பான். மேலே ஏறிவிட்டால் போன் எடுக்க மாட்டான். கீழே இருக்கும்போதும் அதிகம் எடுப்பதில்லை, அது வேறு.

அவனுக்குப் பெண் பார்க்க ஆரம்பித்தோம். மற்ற வீடுகளில் பெண்ணைப் பாடச் சொல்வார்கள். பாட்டு எதற்கு? மருமகள் வந்து என்ன கச்சேரியா செய்யப் போகிறாள்? நான் ஒரு ஆங்கில வார்த்தையைக் கொடுத்து, சொந்த வாக்கியம் ஒன்று சொல்லம்மா என்பேன். சிஸ்டர் பெர்னதெத் அப்படித்தான் செய்வார். எழுந்து நிற்க வேண்டும், முதுகு நேராக இருக்க வேண்டும், புத்தகத்தில் இருக்கும் வாக்கியத்தைச் சொல்லக் கூடாது. ஒரு வாக்கியத்தில் ஒரு பெண்ணின் மொத்த வளர்ப்பும் தெரிந்துவிடும். எங்கள் வீட்டுக்காரர் வேண்டாம் பிரபா, வேண்டாம் பிரபா என்று ஒவ்வொரு தடவையும் காரில் சொல்லிக்கொண்டே வருவார். அவர் வேண்டாம் என்று சொல்லாத விஷயம் ஒன்று உண்டா, சவத்தை விடுங்கள்.

தூத்துக்குடிப் பெண் ஒருத்தி. லட்சணமான பெண், எம்.எஸ்சி. 'ஆல்தோ' என்று கொடுத்தேன். ஆல்தோ என்று ஆரம்பித்தால் கூடவே 'பட்' வரக் கூடாது, அவள் நடுவில் போட்டாள். எழுந்து வந்துவிட்டேன். தென்காசியில் ஒருத்தி 'கிராட்டிட்யூட்' என்று கொடுத்ததும் அழுதுவிட்டாள். நன்றி சொல்லத் தெரியாமல் ஒரு பெண் அழுவாளா? அம்பாசமுத்திரத்தில் பெண்ணின் தாய்மாமா குறுக்கே புகுந்து, நீங்க முதல்ல உங்க பையனச் சொல்லச் சொல்லுங்க என்றார். அநாகரிகம். இப்படியே போய்க்கொண்டிருந்ததில் நேசனுக்கு நெற்றி கொஞ்சம் அகலமாகிவிட்டது. முடி பின்னால் போவதை அப்படித்தான் சொல்ல வேண்டும், பெற்ற பிள்ளை.

அப்புறம் வந்ததுதான் கோவில்பட்டி இடம். பெண் பெயர் இந்துஜா. பிசியோதெரபிஸ்ட். அவளுடைய அப்பா தாமோதரன், தபால் துறை. தங்கமான மனிதர், ஆனால் எதைச் சொன்னாலும் தலையாட்டிவிட்டுக் கொஞ்சம் தள்ளி உட்காருவார். நான் பேசி முடித்தபோது சோபாவின் அந்தக் கோடிக்குப் போயிருந்தார்.

போனதும் நான் என்னால் ஆன உதவியைச் செய்தேன். சோபாவை ஃபேனுக்கு நேர் கீழே போட்டிருந்தார்கள், தள்ளிப் போடச் சொன்னேன். கேசரியில் நெய் போதாது, அதை அந்த அம்மாவிடம் காதோடுதான் சொன்னேன், ஹாலில் இருந்தவர்களுக்குக் கேட்டிருந்தால் நான் என்ன செய்ய. திரைச்சீலை நிறம் ஆஸ்பத்திரி மாதிரி இருக்கிறது என்றேன். தாமோதரன் 'ஜூவல்லரி' என்பதை மூன்று துண்டாக உடைத்துச் சொன்னார், திருத்திக் கொடுத்தேன். அதற்கப்புறம் அவர் அந்த வார்த்தையைச் சொல்லவே இல்லை, பெண்ணுக்குப் போடும் நகையைப் பற்றிக் கையால் காட்டினார்.

பிறகு வழக்கம்போல, பையனும் பெண்ணும் தனியாகப் பேசட்டும் என்று மொட்டை மாடிக்கு அனுப்பினார்கள். நல்ல பழக்கம்தான், நான் குறை சொல்லவில்லை. எங்கள் காலத்தில் இது கிடையாது, இருந்திருந்தால் சில விஷயம் முன்கூட்டியே தெரிந்திருக்கும். தண்ணீர் வேண்டுமா என்று கேட்க நான் ஒரு தடவை மேலே போனேன். வெயிலாக இருக்கிறதே என்று குடையோடு இன்னொரு தடவை போனேன். பேசி முடித்துவிட்டீர்களா என்று கேட்க வேண்டும் இல்லையா, அதற்கு ஒரு தடவை. கடைசித் தடவை போனபோது நேசன் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றான், அந்தப் பெண் சிரித்துக்கொண்டிருந்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். என்னைப் பார்த்ததும் வாங்கத்தை, உக்காருங்க என்று தண்ணீர்த் தொட்டி விளிம்பைக் காட்டினாள். பரவாயில்லையே, மரியாதை தெரிந்த பெண் என்று நினைத்தேன்.

கீழே வந்ததும் வாக்கியம் கேட்டேன். எங்கள் வீட்டுக்காரர் பஜ்ஜியைக் கீழே வைத்துவிட்டு வாசலைப் பார்த்தார். நல்ல பெண்ணாகத் தெரிகிறாள், சாதாரண வார்த்தை கொடுத்தால் அவளுக்கு மரியாதை இல்லை என்று நினைத்து இதைக் கொடுத்தேன். அவுட்வே. அவள் நாற்காலியிலிருந்து எழுந்தாள். முதுகு நேராக. பிசியோதெரபி இல்லையா. என்னை நேராகப் பார்த்துச் சொன்னாள்.

"தி மெரிட்ஸ் ஆஃப் திஸ் அலையன்ஸ் அவுட்வே இட்ஸ் ஒன் டீமெரிட்."

இந்தச் சம்பந்தத்தில் இருக்கும் நல்லவை எல்லாம் சேர்ந்து, அதில் இருக்கும் ஒரே ஒரு குறையைவிடக் கனமாக இருக்கின்றன. அதாவது சம்மதம். தாமோதரனுக்கு அப்படியே முகம் மலர்ந்துவிட்டது. அந்த அம்மா உள்ளே ஓடி இன்னும் கொஞ்சம் கேசரி கொண்டுவந்தார்கள், இந்தத் தடவை நெய் மிதந்தது. நேசன் காது வரைக்கும் சிவந்து உட்கார்ந்திருக்கிறான். எல்லாருக்கும் சந்தோஷம்.

நான் மட்டும் கேசரித் தட்டைக் கீழே வைத்துவிட்டேன். உச்சரிப்பு சுத்தம். வாக்கியம் சுத்தம். ஆனால் அது என்ன அந்த ஒரே ஒரு டீமெரிட்?

நீங்களே சொல்லுங்கள். நல்லவை நிறைய இருக்கின்றன என்று மட்டும் சொல்லியிருக்கலாம் இல்லையா? சொல்லவில்லையே. குறைகள் என்றுகூடச் சொல்லவில்லை. குறைகள் என்றால் எல்லாருக்கும் நாலு இருக்கும், போகட்டும் என்று விட்டுவிடலாம். ஒன் டீமெரிட் என்கிறாள். அப்படியானால் குறிப்பாக ஏதோ ஒன்றை மனதில் வைத்துக்கொண்டு, அதை எடை போட்டுப் பார்த்துவிட்டுத்தான் பேசுகிறாள்.

திரும்பும்போது காரில் கேட்டேன், மாடியில் என்னடா பேசினீர்கள் என்று. சும்மாதான்மா என்றான். சும்மாவுக்கா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்? முன் சீட்டில் எங்கள் வீட்டுக்காரருக்கு இருமல் வந்துவிட்டது. கங்கைகொண்டான் வரைக்கும் இருமினார். டிரைவர் வேறு சேர்ந்து இருமினான்.

நான் அன்றைக்கே சொல்லிவிட்டேன். அந்தக் குறை என்ன என்று தெரியாமல் நிச்சயதார்த்தத்துக்கு நாள் குறிக்க மாட்டேன். ஒரு குறையை வைத்துக்கொண்டு நம் வீட்டுக்கு ஒரு பெண் வரக் கூடாது. கண்டுபிடிப்போம், சரி செய்வோம், அப்புறம் வரட்டும். இதில் என்ன தப்பு? மருமகளின் நன்மைக்குத்தானே சொல்கிறேன்.

முதலில் நெற்றியைத்தான் சந்தேகப்பட்டேன். நேசனைத் தோல் டாக்டரிடம் கூட்டிப் போனேன். ஒரு களிம்பு கொடுத்தார், அது தலையணை உறையில்தான் நன்றாக வேலை செய்தது. பிறகு குறட்டையாக இருக்குமோ என்று தோன்றியது, அவன் தூங்கும்போது போனில் பதிவு செய்து தாமோதரனுக்கு அனுப்பினேன், இதுதானா என்று கேட்டு. அவர் ஒரு கும்பிடு படம் மட்டும் அனுப்பினார். காற்றாலையில் ஏறுகிறானே, பெண்ணுக்குப் பயமாக இருக்குமோ என்று அவனுடைய மேனேஜருக்குப் போன் செய்து, பையனுக்குத் தரையில் ஏதாவது வேலை கொடுங்களேன் என்றேன். அன்றைக்கு நேசன் வீட்டுக்கு வந்து சாப்பிடாமல் படுத்துவிட்டான். வயிறு சரியில்லை போலிருக்கிறது.

அப்புறம் வீட்டைப் பார்த்தேன். முன்சுவர் பெயின்ட் உரிந்திருந்தது, அடித்தோம். பாத்ரூமைப் பழைய மாதிரியிலிருந்து உட்காருகிற மாதிரிக்கு மாற்றினோம். எங்கள் வீட்டுக்காரர் கைலியோடு போய் கேட் திறக்கிறார், அதுவாக இருக்கும் என்று அவருக்குப் பேன்ட் எடுத்துக் கொடுத்தேன். பேன்டோடு தூங்குங்கள் என்றால் மனிதர் மறுத்துவிட்டார். ஒவ்வொன்றையும் முடித்ததும் தாமோதரனுக்குப் போன் செய்வேன். பாத்ரூம் மாற்றிவிட்டோம் அண்ணாச்சி, பெண்ணிடம் சொல்லுங்கள் என்பேன். ஐயோ, அதெல்லாம் ஒண்ணும் இல்லம்மா என்று அவசரமாகச் சொல்லுவார். அப்புறம் சிக்னல் போய்விடும். கோவில்பட்டியில் அவ்வளவு மோசமான சிக்னல் என்று எனக்கு முன்னே தெரியாது.

பக்கத்து வீட்டுப் பிச்சம்மாளிடம்கூடக் கேட்டேன். அவளுக்கு ஆங்கிலம் தெரியாது, அதனால் முழுசாக விளக்கிச் சொன்னேன், இரண்டு தட்டு, கனம், குறை எல்லாம். அவள் முறத்தைக் கீழே வைக்காமலே சொன்னாள்.

"ஒரு கண்ணாடிய வாங்கி மாட்டிப் பாரு பிரபா. தெரிஞ்சிரும்."

அது எனக்குத் தோன்றவே இல்லை பாருங்கள். உண்மையில் எங்கள் ஹாலில் ஒரு நல்ல கண்ணாடி கிடையாது. புதுப்பெண் வருகிற வீட்டில் ஆள் உயரக் கண்ணாடி வேண்டாமா? அன்றைக்கே போய் வாங்கினேன். தேக்குச் சட்டம். வாசலுக்கு எதிரே மாட்டியிருக்கிறோம், யார் உள்ளே வந்தாலும் முதலில் அதில்தான் தெரிவார்கள். நான் அதன் முன்னால் நின்று கால்மணி நேரம் யோசித்தேன். ஒன்றும் புலப்படவில்லை. பிச்சம்மாளுக்கு மனசு நல்லது, அவ்வளவுதான்.

இதற்குள் ஆனி மாதம் பாதி போய்விட்டது. ஆடி பிறந்தால் ஒன்றும் செய்ய முடியாது. தாமோதரனே ஒருநாள் போன் செய்தார், அவராகச் செய்தது அதுதான் முதல் தடவை. இந்துஜாவின் பெரியப்பா மஸ்கட்டிலிருந்து வந்திருக்கிறார், ஆடிக்கு முன்னால் திரும்ப வேண்டும், அவர் இல்லாமல் நிச்சயம் செய்ய முடியாது என்றார். விருதுநகரிலிருந்து ஒரு இடம் வந்து நிற்கிறது, அவர்களுக்கும் பதில் சொல்ல வேண்டும் என்றார். ரொம்ப மெதுவாகத்தான் சொன்னார். போனிலும் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்துதான் பேசியிருப்பார்.

அன்றைக்கு ராத்திரிச் சாப்பாட்டில் நேசன் பேசினான். அவன் குரலை உயர்த்துகிறவன் இல்லை. உயரத்தில் வேலை பார்க்கிறவர்கள் எல்லாருமே மெதுவாகத்தான் பேசுவார்களோ என்னவோ. தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

"அம்மா, எனக்கு அவளப் பிடிச்சிருக்கு. இவள விட்டா இனி நான் எந்த வீட்டுக்கும் பஜ்ஜி சாப்பிட வர மாட்டேன். ஒனக்கு அது தெரிஞ்சே ஆகணும்னா, என்கிட்ட கேக்காத. அவகிட்டயே போய்க் கேளு."

நான் உடனே, அப்போ உனக்குத் தெரியுமா என்றேன். அவன் அப்பாவைப் பார்த்தான். அப்பா மோரை எடுத்துக் குடித்தார். டம்ளர் காலியான பிறகும் முகத்திலிருந்து எடுக்கவில்லை.

பையன் முகம் அப்படி வாடி நான் பார்த்ததில்லை. பொதுத்தேர்வில் தமிழில் கோட்டைவிட்டபோதுகூட இல்லை. அதற்கு அவனை நான் திட்டவும் இல்லை, தமிழ்தானே.

சரி என்று மறுநாள் கிளம்பிவிட்டேன். தனியாக. இதோ கோவில்பட்டி தாண்டுகிறோம் பாருங்கள், அந்தப் பாலத்துக்கு அப்பால்தான் அவளுடைய கிளினிக். வருங்கால மாமியார் என்று சொல்லிக்கொண்டு போனால் மரியாதை செய்து மழுப்பிவிடுவாள். அதனால் நோயாளியாகப் போனேன். எனக்கு முழங்கால் வலி உண்மையிலேயே உண்டு, பொய் சொல்லவில்லை. பெயர் கொடுத்து, வரிசையில் உட்கார்ந்து, முறைப்படி உள்ளே போனேன். அந்த வரிசையில் ஒரு கிழவர் தோளைத் தப்பாகச் சுற்றிக்கொண்டிருந்தார், சொல்லிக்கொடுத்தேன்.

என்னைப் பார்த்ததும் அவள் ஆச்சரியப்படவே இல்லை. வாங்கத்தை, படுங்க என்றாள். காலை மடக்கினாள், நீட்டினாள், எங்கே வலி என்று கேட்டாள். பிறகு என் கணுக்காலில் ஒரு மணல் பையைக் கட்டினாள். சின்னப் பைதான், ஆனால் காலைத் தூக்கினால் தெரியும். தூக்கிப் பிடிங்க, நான் சொல்றவரைக்கும் இறக்காதீங்க என்றாள். நானும் தூக்கினேன். மல்லாந்து படுத்து, ஒரு காலை அந்தரத்தில் வைத்துக்கொண்டு, கேட்டேவிட்டேன்.

"அன்னைக்கு ஒரு வாக்கியம் சொன்னியே, அந்த டீமெரிட் என்னது?"

அவள் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். கொஞ்ச நேரம் என் முழங்காலையே பார்த்தாள். பிறகு...

எங்கே எழுந்திருக்கிறீர்கள்? உட்காருங்கள், உட்காருங்கள். கால் மரத்துவிட்டதா? உட்கார்ந்தபடியே பாதத்தை மட்டும் ஆட்டுங்கள், இந்துஜா சொல்லிக்கொடுத்ததுதான். பெண் வாயைத் திறக்கப் போகிற நேரத்தில் எழுந்தால் எப்படி? ஒரு நிமிஷம், கொஞ்சம் பின்னால் சாயுங்கள், உங்களைத் தாண்டித்தான் கையை நீட்ட வேண்டும். இந்தாப்பா, வெள்ளரிக்காய், பிஞ்சாகப் பார்த்துக் கொடு. உப்பு மிளகாய்ப்பொடி வேண்டாம். சாத்தூர் வெள்ளரிக்காய்க்கு அதெல்லாம் எதற்கு. இந்தாருங்கள், உங்களுக்கு ஒன்று. பிடியுங்கள், பஸ் எடுத்துவிட்டான். சாப்பிடுங்கள், கூச்சப்படாதீர்கள். என்ன, தொண்டையில் மாட்டிக்கொண்டதா? மென்று சாப்பிட வேண்டும்.

எதில் விட்டேன். ஆமாம், ஸ்டூல். முழங்காலைப் பார்த்தாள். பிறகு என் முகத்தைப் பார்த்துச் சொன்னாள்.

"நீங்கதான், அத்தை."

நான் காலை இறக்கவில்லை. இறக்கச் சொல்லவில்லையே அவள். மேலே ஃபேன் சுற்றுகிறது, காலில் மணல் பை தொங்குகிறது, பக்கத்துத் தடுப்பில் யாரோ ஒருவர் அம்மா அப்பா என்று முனகுகிறார். எழுந்து போகலாம் என்றால் அந்தப் பையின் கட்டை அவிழ்க்க எனக்குத் தெரியாது.

கேட்டேன், நான் மட்டுமா? ஆமா அத்தை, ஒண்ணுதான்னு அன்னைக்கே சொன்னேனே என்றாள். மாமாவுடைய கைலி? மாமா மெரிட் பக்கம் என்றாள். குறட்டை, நெற்றி, பழைய பாத்ரூம்? அது எதையுமே அவள் தட்டில் வைக்கவில்லையாம். நான் பாத்ரூமுக்குப் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

சரி, அந்தப் பக்கம் என்னென்ன வைத்தாய் என்றேன். சொன்னாள். நேசனின் குணம். அவன் பொய் சொல்ல மாட்டான், மாடியில் அவள் கேட்டதும் எங்க அம்மா இப்படித்தான் என்று சொல்லிவிட்டானாம், நான் குடையைக் கொடுத்துவிட்டுக் கீழே இறங்கியதும், பாத்தீங்களா என்றானாம், அதற்குத்தான் அந்தச் சிரிப்பு. அப்புறம் அவன் வேலை. குடி கிடையாது. மாமா. எங்கள் வீடு. கிணற்றில் நல்ல தண்ணீர். பஸ் ஸ்டாண்டுக்கு நடக்கிற தூரம். திருநெல்வேலியில் அவளுக்கு வேலை கிடைப்பது சுலபம். ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே போனாள்.

"இவ்வளவும் சேந்தா என்னை அவுட்வே பண்ணுது?"

"ஆமா அத்தை. கொஞ்சம்போலத்தான்."

கவனித்தீர்களா. கொஞ்சம்போலத்தான். ஒரு குடும்பத்தின் வீடு, கிணறு, ஆண்பிள்ளைகள் இரண்டு பேர், அவர்கள் குணம், உத்தியோகம், எல்லாவற்றையும் ஒரு தட்டில் ஏற்றியிருக்கிறார்கள். இந்தப் பக்கம் நான் ஒருத்தி. ஒற்றை ஆள். தராசு முள் கிட்டத்தட்ட நடுவில் நிற்கிறது. இத்தனை வருஷத்தில் எங்கள் வீட்டுக்காரர் என்னைப் பற்றி இவ்வளவு பெரிதாக ஒரு வார்த்தை சொன்னதில்லை.

ஆனாலும் ஒரு சந்தேகம் இருந்தது, அதையும் கேட்டேன். காலை இன்னும் தூக்கித்தான் வைத்திருக்கிறேன், நடுங்க ஆரம்பித்துவிட்டது. கல்யாணத்துக்கு அப்புறம் அந்தக் குறையை என்ன செய்வதாக யோசனை என்றேன். தனிக்குடித்தனமா, வேறு ஊரா, எதுவானாலும் இப்போதே சொல்லிவிடு என்றேன். குரல் கொஞ்சம் அப்படி இப்படித்தான் வந்தது. மணல் பை கனம்.

அவள் கையை என் குதிகாலுக்குக் கீழே கொடுத்துக் காலைத் தாங்கிக்கொண்டாள்.

"ஒண்ணும் செய்யப் போறதில்ல. கேன்சல்னு சொல்லியிருந்தா போயிருக்கும். நான் அவுட்வேன்னுதான சொன்னேன். அது தட்டுலயேதான் இருக்கும், அத்தை. நீங்க எங்கயும் போக வேண்டாம். இப்ப இறக்குங்க."

இறக்கினேன். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. முழங்கால் வலி அப்படி.

சிஸ்டர் பெர்னதெத் எங்களுக்கு எவ்வளவோ சொல்லிக்கொடுத்தார், இதைச் சொல்லவில்லை. தோற்ற தட்டைக் கீழே கொட்டிவிடுவதில்லை, அது அப்படியே இருக்கிறது. அந்த வார்த்தைக்குள் அது இத்தனை வருஷமாக உட்கார்ந்திருந்திருக்கிறது. எனக்கு முதுகு நேராக நின்று நூறு வாக்கியம் சொல்லத் தெரியும், இது ஒன்று தெரியவில்லை.

அங்கே படுத்தபடியே தாமோதரனுக்குப் போன் போட்டேன். சிக்னல் அருமையாகக் கிடைத்தது. அண்ணாச்சி, மஸ்கட் அண்ணனை டிக்கெட் மாற்ற வேண்டாம் என்று சொல்லுங்கள், ஆனி கடைசி முகூர்த்தத்தில் நிச்சயம் என்றேன். குறை தெரிஞ்சிட்டாம்மா என்று கேட்டார். தெரிந்தது என்றேன். சரி பண்ணிட்டீங்களா என்றார். எதற்குச் சரி பண்ண வேண்டும் என்றேன். சரிம்மா, சரிம்மா என்று அவசரமாகப் போனை வைத்துவிட்டார்.

வீட்டுக்கு வந்து இதை அப்படியே சொன்னேன். நேசன் எழுந்து வந்து என் காலை அமுக்கிவிட்டான், சின்னப் பிள்ளையில் செய்தது. எங்கள் வீட்டுக்காரர், அப்போ இனிமே கொஞ்சம் கொறச்சிக்கிடுவியா பிரபா என்றார். அவருக்கு ஆங்கிலமும் வராது, கணக்கும் வராது. நான் குறைத்துக்கொண்டால் என்ன ஆகும்? அந்தப் பெண் யோசித்து, எடை போட்டு, எழுந்து நின்று ஒரு வாக்கியம் சொல்லியிருக்கிறாள். இந்தப் பக்கம் கனம் குறைந்தால் அந்த வாக்கியத்துக்கு என்ன மதிப்பு? அந்த முள் நடுவில் நிற்பது என் பொறுப்பு இல்லையா? அவள் சொன்ன எடையை அப்படியே வைத்திருக்கிறேன். ஒரு துளி குறையாமல். நிச்சயதார்த்தத்தில் பாயசத்தைப் பற்றி நான் சொன்னதை நீங்கள் கேட்டிருக்க வேண்டும்.

நிச்சயம் நல்லபடியாக முடிந்தது. ஆவணியில் கல்யாணம். முகூர்த்தப் புடவை எடுக்கத்தான் இப்போது மதுரைக்குப் போகிறோம். இந்துஜா அங்கே வந்துவிடுவாள், நேரே கடைக்கு. அத்தை, நீங்க முன்னாடியே போயி கடைக்காரங்ககிட்ட பேசிட்டிருங்க, நான் மெதுவா வாரேன் என்றாள். பாருங்கள், பொறுப்பை யாரிடம் கொடுக்கிறாள் என்று.

என்ன, ஏன் அப்படிப் பார்க்கிறீர்கள்? சாத்தூரா? அது போய் எவ்வளவு நேரமாகிவிட்டது. நீங்கள் சாத்தூரில் அல்லவா இறங்க வேண்டும், ஏன் இறங்கவில்லை? நான் எழுப்புகிறேன் என்றேன், நீங்கள்தான் தூங்கவே இல்லையே. சொல்லாமலும் இல்லை. சாத்தூர் வெள்ளரிக்காய் என்று வாய்விட்டுச் சொல்லித்தானே உங்கள் கையில் கொடுத்தேன். அதற்கு மேல் ஒரு ஊரை எப்படிச் சொல்வது? படித்தவர்கள், கையில் ஆங்கிலப் பேப்பர் வேறு. வாயைத் திறந்து ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். இந்தக் கூச்சம் உங்களுக்கு ஒரு குறைதான், சொல்கிறேனே என்று நினைக்காதீர்கள்.

கண்டக்டர், இந்தம்மாவை விருதுநகரில் இறக்கிவிடுங்கள். சாத்தூரில் தூங்கிவிட்டார்கள்.

சரி, விடுங்கள், விருதுநகரில் எதிர்ப்பக்கம் நின்றால் சாத்தூருக்கு எந்த பஸ்ஸும் நிற்கும். அதற்கு இன்னும் கால்மணி நேரம் இருக்கிறது. அதுவரைக்கும் சும்மா இருப்பானேன். அந்த வார்த்தைதான் இப்போது தெரிந்துவிட்டதே. எங்கே, சொந்த வாக்கியம் ஒன்று சொல்லுங்கள் பார்ப்போம். எழுந்து நிற்க வேண்டாம், பஸ் ஆடுகிறது. முதுகு மட்டும் நேராக.